ஜெகதளா வழியாக உதகை வரை: நீலகிரி மலை ரயிலின் நிலையங்கள், ஒரு மதிப்புரை

நீலகிரி மலை ரயிலைப் பற்றிய மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் என்ற கணக்கும், 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தப் பாதை சேர்ந்த செய்தியும், புகை விட்டுக்கொண்டு பாலத்தைக் கடக்கும் என்ஜினின் படமும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். வண்டி நிற்கிற இடங்களைப் பற்றி மட்டும், நடுவில் சில சிறிய நிலையங்கள் உள்ளன என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்வார்கள். குன்னூரில் குடியிருந்துகொண்டு, உதகையில் ஒரு வேலை என்றால் பேருந்தை விட்டுவிட்டு ரயிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் உள்ளவன் என்ற முறையில், இந்தச் சேவையின் மதிப்பில் பாதி அந்தச் சிறிய நிலையங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனவே இந்த மதிப்புரை பெரும்பாலும் நிலையங்களையும் அவற்றின் பெயர்களையும் பற்றியது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். வழியில் வரும் பெயர்களை வரிசையாகச் சொன்னால் மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஃபெர்ன்ஹில், உதகமண்டலம். இவற்றில் சில நிலையங்களில் இன்று பயணிகள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆனாலும் இந்த வரிசையில் ஆற்றின் பெயர் இருக்கிறது, படகர் ஊரின் பெயர் இருக்கிறது, இங்கிலாந்திலுள்ள ஒரு புல்வெளியின் பெயர் இருக்கிறது, இந்த மலையில் கால் வைக்காத ஒரு படைத்தலைவரின் பெயரும் இருக்கிறது. யார் எதற்காக மலையேறினார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு பட்டியலை நான் பார்த்ததில்லை.

பயணச்சீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்கு வண்டி புறப்படும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி விரைவு ரயிலில் வருபவர்கள் அப்படியே இதில் மாறிக்கொள்ளலாம். உதகை போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் முன்பதிவு திறந்த வேகத்தில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. சமவெளியிலிருந்து வந்த என் உறவினர்களிடம் ஒரு பயண முகவர், இடம் உறுதி என்று சொல்லி இரண்டு பங்கு பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் காத்திருப்புப் பட்டியல் சீட்டைக் கையில் கொடுத்தார். முகவர்களை நம்பாமல் ரயில்வேயின் இணையதளத்தில் நாமே பதிவு செய்துகொள்வது உத்தமம். பெட்டிகளில் கழிவறை கிடையாது என்பதையும் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நிலையங்கள் எங்கெங்கே வருகின்றன என்று தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்காகப் பிறந்த நிலையம் அல்ல. போத்தனூரிலிருந்து அகலப் பாதை 1873-இல் இங்கே வந்துவிட்டது. மலைமேல் தண்டவாளம் ஏறுவதற்கு அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. அந்த இடைக்காலத்தில் இங்கே இறங்கியவர்கள் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் பல்லக்கிலும் ஏறிக் குன்னூர் மலைப்பாதையைக் கடந்தார்கள். மலைக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே எழுந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் பற்சக்கரப் பாதை போட்ட ரிக்கன்பாக் 1882-இல் இங்கே ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1891-இல் தொடங்கிய வேலை, எடுத்துச் செய்த நிறுவனம் நொடித்துப்போனதால் நின்று, புதிய நிறுவனம் ஒன்று அமைந்த பிறகு மீண்டும் நடந்தது. மேட்டுப்பாளையம் இன்றைக்கும் மாறுகிற இடமாகவே இருக்கிறது. அகலப் பாதை முடிந்து மீட்டர் பாதை தொடங்குவதும் இங்கேதான், மலைக் காய்கறி லாரிகள் மண்டியில் வந்து இறங்குவதும் இங்கேதான்.

கல்லாறு, அதை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரைத் தாங்கிய நிலையம். பாக்குத் தோப்புகளும், மங்குஸ்தானும் துரியனும் காய்க்கும் அரசு பழப்பண்ணையும் உள்ள ஊர். இதுவரை சாதாரண ரயிலாக வந்த வண்டி இங்கேதான் மலை ரயிலாகிறது. தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கம் பக்கமாகத் தொடங்குகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வரும்படி அவற்றைப் பதித்திருக்கிறார்கள். ஆகையால் என்ஜினின் பற்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடிப்பை இழப்பதில்லை. ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. வண்டி பட்டைமேல் ஏறும் அந்த நேரத்தில் ஒரு குலுக்கலும், அடியிலிருந்து கடகடவென்ற ஓர் ஓசையும் வரும். பிறகு பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்கு முன்னால் மறைப்பு எதுவும் கிடையாது. அந்தப் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனின் தோளுக்கு மேலாகத் தண்டவாளம் காட்டுக்குள் ஏறிப்போவதைப் பார்க்கலாம். முன்பெட்டியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அவரவர் அதிர்ஷ்டம்.

கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள நிலையங்கள் ஊருக்காக ஏற்பட்டவை அல்ல. என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். எதிர்வண்டி கடக்க இடம் வேண்டும். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு ஆகிய மூன்றும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. இந்தப் பள்ளத்தாக்கில் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்க, காட்டுக்கும் ஓடைக்கும் பாறைக்கும் அவர்கள் வாயில் பெயர்கள் வழங்கியிருக்க, நிலையப் பலகையில் மூன்றும் ஆங்கிலப் பெயர்களாக ஏறிவிட்டன. தோட்டம் போட வந்தவர்களும் தண்டவாளம் போட வந்தவர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பெயர்கள் நிலைத்தன. காட்டில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வெலிங்டனிலும் இதேதான் நடந்தது. ஆனால் அங்கே பழைய பெயர் பதிவாகியிருக்கிறது, இங்கே அதுவும் இல்லை.

ஹில்குரோவில் வண்டி சற்று நேரம் நிற்கும். தொங்கும் குழாயைத் திருப்பி என்ஜினின் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீர் பிடிப்பார்கள். தொட்டி நிறைந்து வழிந்து சக்கரங்களின் மேல் ஆவியெழும். பயணிகள் இறங்கி டீயும் வடையும் வாங்குவார்கள். வடை பாதி நேரம் குரங்குக்குத்தான் போய்ச் சேரும், ஆகவே கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்க முயல வேண்டாம். யானைகள் கடக்கும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் மண் சரிந்து சேவை நிறுத்தப்படுவதும் வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பயணத்தை மட்டுமே நம்பித் திட்டமிடுபவர்கள் மாற்று வழியையும் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

ரன்னிமேடு என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் பெயரைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள், மேட்டுப்பாளையத்தைப் போல இதுவும் ஏதோ ஒரு மேடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் மேடுகள் இருப்பதால் சந்தேகமும் எழுவதில்லை. உண்மையில் இது தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரன்னிமீட் என்ற புல்வெளியின் பெயர். 1215-ஆம் ஆண்டில் ஜான் மன்னர், பிரபுக்கள் நெருக்கியதால் மாக்னா கார்ட்டா என்னும் மகா சாசனத்துக்கு முத்திரையிட்டது அந்தப் புல்வெளியில்தான். மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற கொள்கையின் தொடக்கமாக ஆங்கிலேயர்கள் கொண்டாடும் இடத்தின் பெயரை, குடிமக்களுக்கு அப்படி எந்தச் சாசனமும் எழுதிக் கொடுக்காத ஒரு குடியேற்ற நாட்டின் மலைச்சரிவில் சூட்டியிருக்கிறார்கள். தமிழ் நாக்கு அதை மேடாக்கி, தேயிலைக்கு நடுவே குடியமர்த்தி, தனதாக்கிக்கொண்டது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பெயர் இதுதான்.

அடுத்து வருவது காட்டேரி ரோடு. பெயரைக் கேட்டதும் பாட்டி சொன்ன ரத்தக் காட்டேரி நினைவுக்கு வந்து குழந்தைகள் சிரிப்பார்கள். இங்கே குறிக்கப்படுவது பக்கத்தில் உள்ள காட்டேரி என்ற ஊர். அதன் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துத்தான் அருவங்காட்டு வெடிமருந்து ஆலையை ஆரம்பக் காலத்தில் ஓட்டினார்கள். ‘ரோடு’ என்ற ஒட்டுக்கு ரயில்வேயில் ஒரு பொருள் உண்டு: ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது. பழனி மலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோடைக்கானல் ரோடு என்ற பெயரை நம்பி இறங்கினால் நீங்கள் நிற்பது சமவெளியில் உள்ள அம்மையநாயக்கனூரில். கோடைக்கானலுக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும். அதோடு ஒப்பிட்டால் நீலகிரியின் ‘ரோடு’ அவ்வளவு ஏமாற்றாது. இப்போது இங்கே வண்டி நிற்பதில்லை.

குன்னூர் நிலையத்தின் வரலாற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, வண்டியே சொல்லும். 1899 ஜூன் 15 அன்று பாதை திறக்கப்பட்டபோது அது குன்னூரோடு முடிந்துவிட்டது. உதகைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிச் சாலை வழியாகப் போனார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகள் குன்னூர்தான் கடைசி நிலையம்; அப்படித்தான் கட்டியும் இருந்தார்கள். 1908-இல் பாதையை உதகை வரை நீட்டியபோது, முட்டிக்கொண்டு நிற்கும் நிலையத்தைத் தாண்டிப் போக முடியாததால், வந்த வழியே சற்றுப் பின்வாங்கி அங்கிருந்து பிரிந்து மேலேறும்படி அமைத்தார்கள். இன்றைக்கும் குன்னூரிலிருந்து உதகைக்குப் புறப்படும் வண்டி முதலில் பின்னோக்கி நகர்கிறது. முதல்முறை வருகிறவர்கள் திரும்ப மேட்டுப்பாளையத்துக்கே போகிறோமோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். ஒரு நிலையத்தின் பழைய தலையெழுத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தண்டவாளத்தில் தெரிவது எல்லா ஊர்களிலும் கிடைக்கிற காட்சி அல்ல.

பற்சக்கரப் பட்டை குன்னூரோடு முடிகிறது. நீராவி என்ஜின் இங்கே கழற்றப்பட்டு டீசல் என்ஜின் மாட்டப்படும். என்ஜின் பணிமனை நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து கப்பலில் வந்த பழைய எக்ஸ் வகை என்ஜின்களையும், அதே அமைப்பில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் பிற்காலத்தில் செய்தவற்றையும் நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு என்ஜினிலும் சிலிண்டர் எனப்படும் உருளைகள் மொத்தம் நான்கு. இரண்டு சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, மற்ற இரண்டு பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. முதல் இரண்டில் வேலை செய்து முடித்த நீராவியையே அடுத்த இரண்டுக்கும் அனுப்புகிறார்கள். சிக்கனத்தில் நம் வீட்டுப் பெரியவர்களைத் தோற்கடிக்கும் ஏற்பாடு. சீட்டில் குன்னூருக்கு ஓ.என்.ஆர். என்ற குறியீட்டைப் பார்த்துத் தவறாக அச்சாகிவிட்டதோ என்று பதற வேண்டாம்; ரயில்வேக்குக் குன்னூர் அப்படித்தான்.

குன்னூரை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்காது, வெலிங்டன் வந்துவிடும். சிறிய நடைமேடை, மரங்கள், பாசறைக்குரிய ஒழுங்கு. ஒருமுறை எதிரில் உட்கார்ந்திருந்த பொள்ளாச்சிப் பெரியவர் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, அந்த வெலிங்டன் துரை இங்கதான் குடியிருந்தாருங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க ஐயா, பேரு மட்டும்தான் அவருது” என்றேன். “அப்ப முன்னால இதுக்கு என்ன பேருங்?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. இந்தப் பாதையில் பயணம் செய்கிற எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

முன்பு இதற்கு ஜெகதளா என்று பெயர். பக்கத்தில் உள்ள படகர் ஊரின் பெயர் அது. ஆங்கிலேயர் தங்கள் எழுத்தில் அதை ஜக்கதல்லா என்பது போல எழுதினார்கள். 1852-இல் தொடங்கிப் படைவீரர்களுக்கான குடியிருப்புகளை இங்கே கட்டினார்கள். 1860-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் பாசறைக்கு வெலிங்டன் என்று பெயர் மாற்றினார். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் அதிகாரியாக 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்கெடுத்தவர். மைசூர்ப் பகுதியில் சில ஆண்டுகள் அதிகாரம் செலுத்தியவர். ஆனால் அவர் இந்தியாவை விட்டுக் கப்பலேறியது 1805-இல். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு முதன்முதலாக வந்தது 1819-இல். அதற்கு முன் இங்கே வெள்ளையர் குடியிருப்பு எதுவும் கிடையாது. ஆக, குடியிருக்கவும் இல்லை, ஆளவும் இல்லை. இறந்த பிறகு வந்து உட்கார்ந்த பெயர்.

ஜெகதளா அழிந்துவிடவில்லை. இன்றைக்கும் அது ஒரு பேரூராட்சி. வீட்டு வரி ரசீதில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பாசறையும் ரயில் நிலையமும் வெலிங்டன், உள்ளாட்சி ஜெகதளா என்று இரண்டு பெயர்களும் அருகருகே வாழ்கின்றன. 1947-இல் தேசப் பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து வந்த ராணுவப் பணியாளர் கல்லூரியால் வெலிங்டன் என்ற பெயருக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் படித்துப் போகும் இடம் என்று உலகம் முழுவதும் அதை அறிவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் இங்கேதான். ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா இந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தார். எனவே வெலிங்டன் என்ற பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020-இல் தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசாணை வெளியிட்டு, விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதைப் பார்த்தோம். பெயர்களை மொத்தமாக மாற்றும் வேலையில் யாருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை. நான் கேட்பது சிறிய காரியம். நடைமேடையின் சுவரில் ஒரு சிறு பலகை, அதில் ஜெகதளா என்ற பெயரும் 1860 என்ற ஆண்டும். பொள்ளாச்சிப் பெரியவருக்கு என்னைப் போன்ற ஒரு வாயாடி எதிரில் வாய்த்தான். எல்லோருக்கும் வாய்ப்பான் என்று சொல்ல முடியாது.

அருவங்காடு ஆலைக்காக வாழும் நிலையம். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய கார்டைட் என்னும் வெடிமருந்தைச் செய்யும் தொழிற்சாலை, பாதை இங்கே வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்துவிட்டது. 2021 அக்டோபர் முதல் அது மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. படம் எடுப்பதில் கவனமாக இருக்க வேண்டிய பகுதி. அருவங்காடு, அரவங்காடு என்று பத்திரிகைகளிலும் கடைப்பலகைகளிலும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அரவம் என்றால் பாம்பு, அதனால் பாம்புக்காடு என்று விளக்கம் சொல்லும் உள்ளூர் மேதைகளும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை.

கேத்தியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் பெயரும் ஊரும் பிரியாமல் இருக்கும் நிலையம் இது. படகர்களின் கேத்தி, நிலையத்திலும் கேத்திதான். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர்கள் கெட்டி என்று கேட்டுச் சீட்டு வாங்குவார்கள். சாளரத்தில் இருப்பவர் முகம் மாறாமல் கொடுத்துவிடுவார். சென்னை ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டன் பிரபு 1840-களை ஒட்டிய காலத்தில் இங்கே ஆடம்பரமான மாளிகை ஒன்றை வைத்திருந்தார். சில ஆண்டுகளிலேயே அந்த இடம் பாசல் மிஷன் பாதிரியார்களின் கைக்கு வந்தது. துரைமார் விரும்பிக் குடியேறிய இடமாக இருந்தும் கேத்திக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ஹட்டிகள் என்னும் படகர் ஊர்கள் நெருங்கி இருந்ததும், பேசுவதற்கு ஆட்கள் இருந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நிலையத்தின் உயரம் 2,092 மீட்டர். ஓட்டுக்கூரையும் கல் சுவருமாகச் சிறிய கட்டடம். எதிரே பள்ளத்தாக்கு படிப்படியாக இறங்கும். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, பீட்ரூட் பாத்திகள். மஞ்சளும் நீலமுமாக வண்ணம் பூசிய வீடுகள். பிடுங்கிய கேரட்டைக் கழுவும் இயந்திரத்திலிருந்து செம்மண் நீர் வழிந்தோடுவதும், கழுவிய கேரட் மூட்டைகள் லாரியில் ஏறுவதும் காலை நேரத்தில் இந்தப் பக்கமெல்லாம் காணக் கிடைக்கும் காட்சிகள். வண்டி நிற்கும் நேரம் மிகக் குறைவு. குன்னூரிலிருந்து வருபவர்களுக்கு என் பரிந்துரை, அடுத்த வண்டியின் நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு இங்கே இறங்கிவிடுவது. சினிமாக்காரர்கள் இந்த நடைமேடையை விட்டு வைக்கவில்லை. அதைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. கூட்டம் ஏறிப்போன பின் பெஞ்சில் உட்கார்ந்தால், பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் குரல்கூடக் கேட்கும். காபிக்குக் கடை தேடினால் ஏமாறலாம், பிளாஸ்க் கொண்டுவருவது நல்லது.

லவ்டேல் என்ற பெயரைக் கேட்டதும் புதுமணத் தம்பதிகள் பெயர்ப்பலகையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரை ஊர் அறியச் செய்தது காதல் அல்ல, பள்ளிக்கூடம். 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக, பிரிட்டிஷ் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்காக 1858-இல் உதகையில் தொடங்கிய லாரன்ஸ் காப்பகம், சில ஆண்டுகளில் லவ்டேலுக்கு மாறியது. சென்னையில் பல அரசுக் கட்டடங்களை வடிவமைத்த ராபர்ட் சிசோம்தான் இதன் கட்டடத்தையும் வடிவமைத்தார். நிலையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பள்ளி இங்கே இருந்தது. தம்பதிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்; படத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

ஃபெர்ன்ஹில்லில் இப்போது வண்டி நிற்பதில்லை. மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை இருக்கும் பகுதி. 1908 செப்டம்பரில் பாதை முதலில் இதுவரைதான் திறக்கப்பட்டது. ஒரு மாதம் மட்டும் இது கடைசி நிலையம் என்ற பெருமையை அனுபவித்தது. அக்டோபர் 15 அன்று உதகை திறக்கப்பட்டதும் அந்தப் பெருமை போய்விட்டது.

உதகமண்டலம் 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புறப்பட்ட இடம் சுமார் 330 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் இரண்டு நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு மட்டும் எத்தனை பெயர்கள்! 1821-இல் எழுதப்பட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்றில் வோட்டோகிமண்ட் என்று வருகிறது. பிறகு ஊட்டகமண்ட் ஆயிற்று. அதையே வெள்ளையர்கள் சுருக்கி ஊட்டி என்றார்கள். அரசு ஆவணங்களில் உதகமண்டலம், பேருந்தின் நெற்றியில் உதகை, கடைவீதியில் மீண்டும் ஊட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தோடர்களின் மந்து, அதாவது எருமைத் தொழுவத்தோடு கூடிய அவர்களுடைய குடியிருப்பு. வடமொழிச் சாயல் கொண்ட ‘மண்டலம்’ அந்த ‘மந்து’ என்ற சொல்லை மறைத்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. மந்து என்பது பழங்கதை அல்ல. தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறிப்போனால் இன்றும் தோடர்கள் வாழும் மந்து இருக்கிறது. 2022-இல் ஊட்டி 200 என்று அரசு விழா எடுத்தபோது கணக்குத் தொடங்கியது சல்லிவனிலிருந்து. மந்துக்கு வயது அதைவிட அதிகம் என்பதை விழாவுக்கு வந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி எந்தச் சீட்டு வாங்குவது என்ற கேள்வி. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பகுதிதான் சிறந்தது, மேலே போவது சும்மா ஒரு டீசல் வண்டி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இயந்திரத்தையும் காட்டையும் பார்க்க வருபவர்களுக்கு அது சரி. பற்சக்கரத்தின் ஓசை, பாறையைக் குடைந்த குகைக்குள் குழந்தைகள் போடும் கூச்சல், கீழே தெரியும் பள்ளம் ஆகியவற்றுக்கு மேல்பகுதியில் ஈடு கிடையாது. ஆனால் அந்த வழியில் ஊர்கள் இல்லை. மனிதர்களைப் பார்ப்பதென்றால் ஹில்குரோவ் வடைக்கடையில்தான். குன்னூருக்கு மேலே, சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில், பாசறை, ஆலை, ஹட்டி, பள்ளிக்கூடம், அரண்மனை, மந்து என்று நீலகிரியின் இருநூறு ஆண்டுகள் சன்னலோரம் வரிசையாக வருகின்றன. சீட்டின் விலையும் குறைவு. நாளொன்றுக்குப் பல வண்டிகள் ஓடுவதால் இடம் கிடைப்பதும் அவ்வளவு கடினமல்ல. ஆலைத் தொழிலாளர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் வண்டிகள் அவை. சுற்றுலா வண்டியில் கிடைக்காத பேச்சு அங்கே கிடைக்கும்.

முழுப் பயணமும் செய்ய வசதி உள்ளவர்கள் ஏறும்போது கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் ஒரே மூச்சில் முடிக்காமல், குன்னூரில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை உதகை வண்டியைப் பிடிக்கலாம். ஐந்து மணி நேரத்தை பெட்டியில் தொடர்ந்து உட்கார்ந்து கழிக்கும் முதியவர்களுக்கு லவ்டேல் வரும்போது எதையும் பார்க்கும் தெம்பு இருப்பதில்லை. இறங்கும் வண்டி உதகையிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்புகிறது. கல்லாறு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். கம்பளிச் சட்டையைக் குன்னூர் தாண்டும் வரை கழற்ற வேண்டாம், ரன்னிமேட்டுக்குப் பிறகு தேவைப்படாது.